பேக்கனோடு வதக்கிய பூசணி: தாச்சியில் எது பிழைத்தது, எப்படித் திருத்துவது

போன கிழமை திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மச்சாள் இரவு ஏழரைக்குப் போன் எடுத்து, "தாச்சிக்குள்ள குளம் மாதிரி நிக்குது, இப்ப என்ன செய்ய?" என்று கேட்டாள். அவள் சொல்ல முதலே எனக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் பின்னால் குளுகுளுவென்று கொதிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது. வதங்குகிற சத்தம் அப்படி இருக்காது. அது காய்ந்த சத்தம், படபடவென்று இருக்கும். காதால் கேட்டே பாதிப் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய கறி இது.

பார்வைக்கு மிகச் சுலபம். பேக்கன் (உப்பில் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டு), பூசணி, வெங்காயம், மிளகு, அவ்வளவுதான். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் குசினியில் மூன்று சீசன் வேலை செய்தேன். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பேக்கன் உடைத்தால் அரைப் பைக்கற் மிஞ்சும், அதை மத்தியானம் பூசணியோடு வதக்கிப் பொரித்த மீனுக்குப் பக்கத்தில் வைப்போம். கீழே எழுதியிருக்கிற பிழைகளில் அநேகமானவற்றை அங்கே நானே செய்திருக்கிறேன், அல்லது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பேக்கனுக்கு வேண்டியது சிறு தீ. அதில் இருக்கிற கொழுப்பு மெல்ல மெல்ல உருகி வெளியே வரவேண்டும். பூசணிக்கு வேண்டியது பெருந்தீ. அதில் இருக்கிற தண்ணீர் வெளியே வந்த கணமே ஆவியாகிப் போகவேண்டும். இரண்டையும் ஒரே தாச்சியில் ஒரே நேரம் ஒரே தீயில் போட்டால் ஒன்று கட்டாயம் பழுதாகும். பேக்கனை முதலில் சமைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து உருகி வந்த நெய்யில் பூசணியை வதக்கி, கடைசியில் சேர்ப்பதுதான் முறை.

அளவு நாலு பேருக்கு: தோலும் விதையும் எடுத்த பூசணி 500 கிராம், பேக்கன் 100 கிராம் (நாலைந்து துண்டு வரும்), ஒரு பம்பாய் வெங்காயம், இரண்டு பல் உள்ளி, இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, பாதித் தேசிக்காய். உப்பை அளவுக்குள் எழுதவில்லை, அது மறதி இல்லை.

எந்தப் பூசணி என்று கேட்பார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற மஞ்சள் நிறக் கோடைப் பூசணி எங்கள் சந்தையில் கிடைக்காது. அதற்குக் கிட்டிய சொந்தம் சுக்கினி, இரண்டும் ஒரே இனம். சுக்கினி நுவரெலியாப் பக்கத்தில் விளைந்து வருவது, சில நாள் சுப்பர் மார்க்கெட்டில் இருக்கும், சில நாள் இருக்காது. எப்போதும் கிடைப்பது நம்முடைய சாதாரணப் பூசணிதான், எனக்கு அதுவே கூடுதல் விருப்பம், ஏனென்றால் அதன் இனிப்பு பேக்கனின் உப்போடு நன்றாகப் போகும். நீத்துப்பூசணியை இதற்கு எடுக்கவேண்டாம், அது முழுக்கத் தண்ணீர்.

"தண்ணீர் விட்டு நிற்கிறது, நிறமே பிடிக்கவில்லை"

பத்தில் எட்டுப் பேருக்கு வருகிற பிழை இதுதான் என்பது என் அனுபவம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சுக்கினியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர், பூசணியில் 90 பங்குக்குக் கிட்ட. அரைக் கிலோ சுக்கினி என்றால் கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீரைத்தான் தாச்சியில் போடுகிறீர்கள். தாச்சிக்குள் தண்ணீர் நிற்கும்வரை சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, காய் அவியும், அவ்வளவுதான். பொன்னிறம் பிடிக்க 140 பாகையாவது வேண்டும். ஆகவே தண்ணீர் வெளியே வருவதைவிட வேகமாக அது ஆவியாகிப் போகவேண்டும். அதைத் தடுப்பது எது என்று பாருங்கள்.

கூடுதலாகக் குவித்தீர்களா? பத்து அங்குலத் தாச்சியில் அரைக் கிலோவை ஒரே தடவையில் போட்டால் துண்டுக்கு மேல் துண்டு ஏறி நிற்கும், கீழே உள்ளது விடுகிற ஆவி மேலே உள்ளதை அவிக்கும். இரண்டு தடவையாகப் போடுங்கள். ஒவ்வொரு துண்டும் தாச்சியின் அடியைத் தொடவேண்டும், நடுவில் கொஞ்சம் இடைவெளி தெரியவேண்டும். குழிந்த தாச்சியைவிடத் தட்டையான அடி உள்ளது நல்லது. குழிந்ததில் எல்லாம் நடுவுக்கு உருண்டு வந்து குவியும்.

உப்பை முதலே போட்டீர்களா? உப்புப் பட்டவுடன் காய் தண்ணீரை விடத் தொடங்கும். எங்களுக்குக் கையோடு வந்த பழக்கம், வெங்காயம் போட்டவுடன் உப்பும் போடுவது. இந்தக் கறிக்கு அந்தப் பழக்கத்தை விடவேண்டும். அதோடு கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்புப் போத்தலே ஈரம் பிடித்துக் கட்டியாகக் கிடக்கும். ஒரு சிட்டிகை என்று நினைத்துக் கரண்டியால் குத்தி எடுத்தால் ஒரு கட்டியே விழும்.

வெட்டிய பிறகு கழுவினீர்களா? பூசணியை முழுதாகக் கழுவித் துடைத்து, அதற்குப் பிறகு வெட்டுங்கள். சந்தையில் கீற்றாக வாங்கினால் வெட்டுமுகத்தில் பொலித்தீன் சுற்றி இருப்பார்கள், அதன் உள்பக்கம் முத்துமுத்தாக வேர்த்திருக்கும். அந்த முகத்தை ஒரு விரல் தடிப்பில் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத் துணியால் ஒற்றுங்கள். சுக்கினி என்றால் நீளவாட்டில் பிளந்து நடுவில் இருக்கும் பஞ்சு போன்ற விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். முற்றிய காயில் இது கட்டாயம், பிஞ்சில் தேவையில்லை.

மூடி போட்டீர்களா, அல்லது ஓயாமல் கிண்டினீர்களா? மூடி ஆவியைத் திரும்பத் தாச்சிக்குள்ளே விழுத்தும். கிண்டிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கமும் சூட்டில் நிலைத்து நிற்காது. போட்டுப் பரப்பிவிட்டு இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அது கஷ்டம்தான், எனக்கும் கை துடிக்கும். பிறகு தட்டகப்பையால் ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள், விளிம்பு மண்ணிறமாக வந்திருந்தால் மற்றதையும் திருப்பலாம்.

சரி, இப்போதே தண்ணீர் நிற்கிறது, என்ன செய்வது? பூசணித் துண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். இன்னும் கெட்டியாக இருந்தால் பயமில்லை. தாச்சியைச் சரித்து அந்தத் தண்ணீரைக் கரண்டியால் ஒரு கிண்ணத்துக்குள் அள்ளுங்கள், தீயைக் கூட்டுங்கள், பரப்புங்கள், கிண்டாதீர்கள். அள்ளிய தண்ணீரை ஊற்ற வேண்டாம். பேக்கன் நெய்யும் பூசணி இனிப்பும் அதில்தான் இருக்கிறது, பருப்புக்குள் விட்டால் பருப்பு ருசிக்கும்.

துண்டு ஏற்கெனவே மெதுமையாகிவிட்டால் நிறத்தை மறந்துவிடுங்கள். மேலும் வதக்கினால் களிதான் மிஞ்சும். பூசணியை அகப்பையால் மெல்ல அள்ளி ஒரு தட்டில் பரப்பிவிட்டு, தாச்சியில் நிற்கும் தண்ணீரை மட்டும் பெருந்தீயில் வற்ற விடுங்கள். மூன்று நாலு நிமிடத்தில் அது பாகு மாதிரி இறுகி, குமிழிகள் பெரிதாகி மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அப்போது இரண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டு, பூசணிக்கு மேல் ஊற்றி, பேக்கனைத் தூவுங்கள். வதக்கல் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல கறி. மச்சாளுக்கு அன்று இதைத்தான் சொன்னேன். எட்டே காலுக்குப் படம் அனுப்பினாள், பளபளவென்று இருந்தது.

"பேக்கன் தோல் மாதிரி இழுபடுகிறது"

தாச்சியை நன்றாகக் காயவைத்து அதற்குப் பிறகு பேக்கனைப் போட்டிருப்பீர்கள். மீனுக்கு அது சரி, பேக்கனுக்குப் பிழை. சூடான தாச்சியில் விழுந்தவுடன் சதைப்பகுதி சுருண்டு இறுகிவிடும், கொழுப்பு உள்ளேயே நின்றுவிடும். குளிர்ந்த தாச்சியில் துண்டுகளைப் பரப்பி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், சிறு தீயில். பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுக்கும். முதலில் கொழுப்புக் கண்ணாடி மாதிரித் தெளியும், பிறகு துண்டைச் சுற்றிச் சின்னச் சின்ன நுரை வரும், நுரை அடங்கத் தொடங்கும்போது முறுகல் பதம் கிட்டிவிட்டது என்று அர்த்தம்.

விறகடுப்பு என்றால் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் செய்யலாம். 2022இல் காஸ் கிடைக்காமல் திண்டாடிய மாதங்களில் அப்படித்தான் செய்தோம், உண்மையில் தணலில் பேக்கன் அருமையாக வரும், வெப்பம் சமமாக இருப்பதால்.

வெள்ளையாகச் சளி மாதிரி ஒன்று வெளியே வந்து தாச்சியில் தேங்குகிறதா? அது பழுது இல்லை. நிறையப் பேக்கன் வகைகளில் உப்புத்தண்ணீரை ஊசியால் ஏற்றித்தான் பதப்படுத்துகிறார்கள், அந்தத் தண்ணீரும் இறைச்சியின் புரதமும்தான் அது. தீயைக் கூட்டாமல் வற்றும்வரை பொறுத்திருங்கள். வற்றிய பிறகுதான் முறுகத் தொடங்கும். அவசரமென்றால் சாய்த்து வடித்துவிடலாம்.

உறைந்த பேக்கன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும்போது சுடுதண்ணீரில் போட்டுப் பிரிக்காதீர்கள். ஈரமும் ஏறும், விளிம்பும் வெந்துபோகும். முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. மறந்துவிட்டால், கட்டியை அப்படியே பலகையில் வைத்துக் கனமான கத்தியால் குறுக்கே சுண்டுவிரல் அகலத்துக்கு வெட்டுங்கள். தாச்சியில் சூடு ஏற ஏறத் துண்டுகள் தானாகவே ஒன்றையொன்று விடும். இந்தக் கறிக்கு எப்படியும் சின்னத் துண்டுதானே வேண்டும்.

"பேக்கன் கருகிவிட்டது, பூசணி இன்னும் பச்சை"

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இப்படித்தான். பேக்கன் முறுகியவுடன் துளையுள்ள கரண்டியால் அள்ளி டிசுவில் போட்டுவிடுங்கள், பூசணி முடியும்வரை அது தாச்சிப் பக்கம் வரவே கூடாது.

தாச்சியின் அடியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மண்ணிறமாக இருந்தால் அது ருசி. வெங்காயத்தைப் போட்டவுடன் அதன் ஈரத்தில் கரைந்து வரும், தட்டகப்பையால் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பாக இருந்தால் அது கசப்பு, அதற்கு மருந்து இல்லை. நெய்யை முகர்ந்து பாருங்கள், கருகல் மணம் அடித்தால் அதையும் எறிந்துவிட்டு, தாச்சியைத் துடைத்து, தேங்காயெண்ணெயில் புதிதாகத் தொடங்குங்கள். சில பேக்கனில் சீனி சேர்த்துப் பதப்படுத்தியிருப்பார்கள், பைக்கற்றின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், அது மற்றதைவிடச் சீக்கிரம் கருகும்.

உள்ளியும் இதே மாதிரித்தான். அதை ஆரம்பத்தில் போட்டால் பூசணி வதங்குவதற்குள் கறுத்துவிடும். பூசணி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும்.

"வெளியே நிறம் வந்துவிட்டது, உள்ளே கடிக்க முடியவில்லை" அல்லது "களியாகிவிட்டது"

இரண்டுக்கும் காரணம் வெட்டு. நம்முடைய பூசணி சுக்கினியைவிடக் கெட்டி. அதை ஒன்றரை சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டவேண்டும், கிட்டத்தட்டப் பெருவிரல் நக அளவு. கறிக்கு வெட்டுகிற பெரிய துண்டு இதற்குச் சரிவராது. சுக்கினி என்றால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் அரைவட்டம், அதைவிட மெல்லியதாகச் சீவினால் கரைந்துபோகும்.

முற்றிய பூசணி, அதாவது தோல் நகத்துக்கு இறங்காத அளவு கடினமானது, வதக்கி மட்டும் வேகாது. நான் செய்வது என்னவென்றால் முதலில் திறந்த தாச்சியில் பெருந்தீயில் நிறம் பிடிக்கவைத்து, பிறகு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, தீயைக் குறைத்து, மூன்று நிமிடம் மூடி வைத்து, திரும்பத் திறந்து தண்ணீரை வற்றவிடுவேன். மேலே மூடி போடாதே என்று எழுதிவிட்டு இங்கே மூடச் சொல்கிறேனே என்று நினைக்கவேண்டாம். நிறம் பிடித்த பிறகு மூடினால் அந்த நிறம் போகாது, நிறம் பிடிக்க முதல் மூடினால் அது வரவே வராது.

பூசணியும் சுக்கினியும் கலந்து செய்கிறவர்கள் பூசணியை ஐந்து நிமிடம் முந்திப் போடவேண்டும். களியாகிவிட்டால் திருப்ப வழியில்லை. முழுவதையும் கரண்டியால் மசித்து, பேக்கனும் மிளகும் சேர்த்துப் பாணுக்குப் பூசிச் சாப்பிடலாம். பிள்ளைகள் அதை விரும்பிக் கேட்பதும் உண்டு.

"உப்பு வாயில் வைக்க முடியவில்லை"

பேக்கனே உப்பில் ஊறிய இறைச்சி. அதன் நெய்யிலும் அடியில் ஒட்டிய மண்ணிறத்திலும் உப்பு இருக்கிறது. எல்லாம் சேர்த்து முடித்து, பேக்கனோடு ஒரு துண்டுப் பூசணியை வாயில் போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் தேவையென்றால் மட்டும் உப்பு. எனக்கு அநேகமாகத் தேவைப்படுவதில்லை.

கூடிவிட்டால், உப்பில்லாத ஏதாவது ஒன்றைக் கூட்டுவதுதான் ஒரே வழி. இன்னும் கொஞ்சம் பூசணியைத் தனியாக வதக்கிச் சேர்க்கலாம், அல்லது உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கைச் சதுரமாக வெட்டிப் பிரட்டலாம். உருளைக்கிழங்கு உப்பை உறிஞ்சிவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை, அளவு கூடுவதால் உப்புப் பரவிக் குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான், அதனால் கிழங்கைப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து எறிவதில் பயன் இல்லை, கறிக்குள்ளேயே விடுங்கள். ஒரு பிடி தேங்காய்ப்பூவும் நல்ல உதவி. அடுத்த தடவை அந்த வகைப் பேக்கனைச் சமைக்க முதல் பத்து நிமிடம் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டுப் பாவியுங்கள்.

"நெய் மிதக்கிறது"

100 கிராம் பேக்கனில் எவ்வளவு நெய் வரும் என்பது பேக்கனைப் பொறுத்தது. வயிற்றுப் பகுதி என்றால் கொழுப்புக் கோடு கோடாக இருக்கும், நிறைய வரும். முதுகுப் பகுதி என்றால் குறைவு. அரைக் கிலோ பூசணிக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், மிச்சத்தை வெங்காயம் போட முதலே வடித்துவிடுங்கள். தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து அடைக்கும். கண்ணாடிப் போத்தலில் வடித்து எடுத்து வையுங்கள், மேசையில் வைத்தால் எங்கள் வெக்கைக்கு முழுதாக இறுகாது, பிரிட்ஜில்தான் வைக்கவேண்டும். முட்டை பொரிக்க அருமையாக இருக்கும். போத்தலில் என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், பன்றி சாப்பிடாத ஒருவர் தெரியாமல் எடுத்துப் பாவித்துவிடக்கூடாது.

"கசக்கிறது"

கருகாமலேயே கசந்தால், அதாவது காயே கசந்தால், அந்த இடத்தில் நிறுத்துங்கள். துப்பிவிட்டு முழுவதையும் எறியுங்கள், பேக்கன் போனாலும் போகட்டும். இதில் மட்டும் நான் சமரசம் சொல்லமாட்டேன்.

பூசணி, சுக்கினி, சுரை, வெள்ளரி, பீர்க்கு எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. நாம் சாப்பிடுகிற வகைகளில் அதை இல்லையென்று சொல்லும் அளவுக்குக் குறைத்துத்தான் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்து வந்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் எடுத்துவைத்த விதையில் வேறு காயின் மகரந்தம் கலந்தால் அது திரும்பத் தலைகாட்டும். சமைத்தாலும் போகாது, உப்புப் போட்டாலும் போகாது. வாந்தி, வயிற்றோட்டம் என்று தொடங்கி ஆபத்தில் முடியலாம். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைக் கசக்கக் கசக்கச் சாப்பிட்ட வயதான ஒருவர் இறந்தே போனார்.

அதனால் வெட்டும்போதே ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். வெள்ளரிக்காய்க்கு அம்மம்மா இதைச் செய்யாமல் ஒருநாளும் வெட்டியதில்லை. பச்சைப் பூசணி மெல்லிய இனிப்பாக இருக்கும், அல்லது ருசியே இல்லாமல் இருக்கும். கசப்பு என்றால் அந்தக் காய் குப்பைக்கு.

"எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது"

புளிப்பு இல்லை. இனிப்பும் உப்பும் நெய்யும் மட்டும் இருந்தால் நாலு வாய்க்குப் பிறகு திகட்டும். அடுப்பை நிற்பாட்டிவிட்டுத் தேசிக்காயைப் பிழியுங்கள், அடுப்பு எரியும்போது பிழிந்தால் மணம் பறந்துவிடும், சில நேரம் கசப்பும் தட்டும். மிளகை அப்போதுதான் இடித்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் வெங்காயத்தோடு இரண்டு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலையும் பேக்கன் நெய்யில் பொரியவிடுவோம். குறிப்பில் இல்லாத விஷயம்தான், ஆனால் சோற்றோடு சாப்பிடும்போது அது இல்லாமல் எனக்குச் சரிவராது. மஞ்சள் தூள் வேண்டாம். போட்டுப் பார்த்தேன், புகை மணத்தை அது அமுக்கிவிடுகிறது.

"பேக்கனில் ஒரு வாடை"

கழுவிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். விரலில் வழுவழுவென்று ஒட்டினால், புளித்த வாடை அடித்தால், அல்லது சாம்பல் பச்சையாக நிறம் மாறியிருந்தால் எறியவேண்டியதுதான். புகைபோட்டது, உப்பில் போட்டது, பழுதாகாது என்ற எண்ணம் பிழை. கடையில் வாங்கும் பேக்கன் அநேகமாகச் சமைக்காத இறைச்சி, குளிரில்தான் இருக்கவேண்டும், சமைத்துத்தான் சாப்பிடவேண்டும். உடைத்த பைக்கற்றை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் உறைந்து, இளகி, திரும்ப உறைந்த பேக்கனை ஒரு கடையில் வாங்கிவந்து ஏமாந்தேன். பைக்கற்றுக்குள் மூலையில் இளஞ்சிவப்பு நீர் பனிக்கட்டியாக உறைந்து நின்றது, வாங்கும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பைக்கற்றைத் திருப்பி மூலைகளைப் பார்க்காமல் கூடைக்குள் போடுவதில்லை. துண்டுகள் தட்டையாகவும் பிரிபிரியாகவும் தெரியவேண்டும், ஒரு பக்கம் சரிந்து உறைந்திருந்தால் இடையில் எங்கேயோ இளகியிருக்கிறது.

"கோழி பேக்கன் போட்டேன், அடியில் ஒட்டிக் கிழிகிறது"

திருகோணமலையில் ஒரு சாப்பாட்டு மேசையில் பன்றி சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் சேர்ந்துதான் இருப்பார்கள், அதனால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கோழி பேக்கனில் கொழுப்பு மிகக் குறைவு, உருகி வர ஒன்றும் இல்லை. குளிர்ந்த தாச்சி முறை இதற்குப் பொருந்தாது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை மிதமாகச் சூடாக்கி, துண்டுகளைப் போட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை நிமிடம் மட்டும் விட்டு எடுத்துவிடுங்கள். பன்றியைப் போல முறுகாது, முறுக்கப் பார்த்தால் காய்ந்த தோலாகிவிடும். பூசணிக்கு மீதி முறை அதேதான்.

முஸ்லிம் நண்பர்களுக்குச் சமைப்பதென்றால் பைக்கற்றில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு தாச்சி, அகப்பை, பலகை எல்லாம் பன்றி படாததாக இருக்கவேண்டும். என்னிடம் அதற்கென்று ஒரு தாச்சி தனியாகவே இருக்கிறது. பேக்கனே இல்லாமல் அந்தப் புகைச்சுவை வேண்டுமென்றால் மாசித்தூள் (காய்ந்த மாசிக் கருவாட்டை இடித்த தூள்) ஒரு மேசைக்கரண்டி, பூசணி முடியும்போது தூவுங்கள். வேறு கறி என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் நல்ல கறி.

"கொண்டுபோய் வைப்பதற்குள் முறுகல் போய்விட்டது"

பேக்கனையும் பூசணியையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினால் பூசணியின் ஆவி பேக்கனை ஊறவைத்துவிடும். ஒரு நத்தாருக்குப் பாலையூற்றில் சித்தி வீட்டுக்கு அப்படித்தான் கொண்டுபோனேன், திறக்கும்போது பேக்கன் ஈரக்கடதாசி மாதிரி இருந்தது. இப்போது பேக்கனைத் தனியாக டிசுவில் சுற்றி எடுத்துப்போய், பரிமாறும்போது மேலே தூவுகிறேன். பூசணிப் பெட்டியின் மூடியை ஆவி அடங்கும்வரை கொஞ்சம் திறந்து விடுங்கள்.

அதிக நேரம் வெளியே வைக்கவும் வேண்டாம். சாதாரண நாளில் இரண்டு மணித்தியாலம், கச்சான் காற்று அடித்து வெக்கை 32 பாகைக்கு மேல் போகிற நாளில் ஒரு மணித்தியாலம், அதற்குள் சாப்பிட்டுவிடவேண்டும் அல்லது பிரிட்ஜுக்குள் போகவேண்டும். அடுத்த நாள் சூடாக்கும்போது மைக்ரோவேவில் வைத்தால் திரும்பத் தண்ணீர் விடும். எண்ணெய் விடாத தாச்சியைக் காயவைத்து, பரப்பிப் போட்டு, ஆவி பறக்கச் சூடேறும்வரை கிண்டாமல் விடுங்கள், பிறகு ஒரு தடவை திருப்புங்கள். அதற்குமேல் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினால் காலைச் சாப்பாட்டுக்குப் பாணோடு சரி.